வீட்டுக்கு ஒரு துப்பாக்கி: 250 தோட்டா சுட்டுப் பாக்காம நம்பிடாதீங்க

அமெரிக்கால, டெக்சாஸ் டாலஸ் பக்கம் ஒரு இண்டோர் ரேஞ்சுல (சுட்டுப் பழகுற எடம்) சனி ஞாயிறு கைத்துப்பாக்கி கத்துக்குடுக்குறேன், மத்த நாள்ல எல்லாரையும் மாதிரி ஐடி வேலைதான். முன்னெல்லாம் நம்ம ஆளுங்க மாசத்துக்கு ஒருத்தர் வந்தாலே பெருசு, இப்போ வாராவாரம் யாராச்சும் வந்துடுறாங்க. ஏன்னு கேட்டா பாதி பேருக்கு ஒரே கதைதான், தெரிஞ்சவங்க வீட்ல பூந்து நகைய அள்ளிட்டுப் போயிட்டாங்க அண்ணா, பயமா இருக்கு.

மொதல்ல விசா. எச்1பி மாதிரி விசால இருக்கவங்க இங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கறது ஃபெடரல் சட்டப்படி குத்தம், ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து சுடுறதும் அந்தக் கணக்குலதான் வரும். ஹன்டிங் லைசென்ஸ் மாதிரி ஒண்ணு ரெண்டு விதிவிலக்கு இருக்கு, ஆனா அத நம்பி எறங்குறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல பாருங்க. கிரீன் கார்டு வந்தாச்சுன்னா பிரச்சனை இல்ல, கடையில துப்பாக்கி வாங்கறதுக்கான 4473ங்கற ஃபார்ம் எழுதணும், பேக்ரவுண்ட் செக் ஓடும், கைத்துப்பாக்கின்னா 21 வயசு ஆயிருக்கணும். ஃபார்ம்ல பொய் எழுதுனா அது தனி கேஸ்.

சரி, மேட்டருக்கு வர்றேன். போன மாசம் ஒரு புருஷன் பொண்டாட்டி வந்தாங்க, அவர் ஏற்கனவே வாங்கிட்டாரு, பாக்கெட்ல போடுற சைஸ்ல குட்டியா ஒண்ணு. ஏன் இதுன்னா, "அவளுக்கு கை சின்னதுண்ணா, சின்ன துப்பாக்கிதானே வசதி?" கடை கவுண்டர்ல கையில வச்சுப் பாத்தா அப்படித்தான் தோணும். ஆனா பெரிய துப்பாக்கில போடுற அதே 9 எம்எம் தோட்டா எடை கம்மியான துப்பாக்கில வெடிச்சா உதை மொத்தமும் கைக்குதான் வரும், புடிக்க ரெண்டு விரலுக்குதான் எடம், சுண்டு விரல் காத்துல தொங்கும், மேல பின்னாடி இழுக்குற ஸ்லைடோட ஸ்பிரிங் வேற இறுக்கமா இருக்கறதால இழுக்கவே தெம்பு வேணும். அந்த அக்கா அஞ்சு ரவுண்டு, அதாவது அஞ்சு தோட்டா சுட்டுட்டு கீழ வச்சுட்டாங்க, எனக்கு இது வேணாம்னு. நான் ஒரு ஃபுல் சைஸ் வாடகைக்கு எடுத்துக் குடுத்தேன், நாலு இஞ்சுக்கு மேல பேரல் (குண்டு வெளிய போற குழாய்), 17 ரவுண்டு மேகசின் (தோட்டா அடுக்கி புடிக்குள்ள சொருகுறது), நல்ல நீட்டு புடி. ரெண்டாவது மேகசின்லயே சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. இடுப்புல மறைச்சு வச்சு நடக்கறவனுக்குதான் குட்டி துப்பாக்கி. வீட்ல பெட்டில இருக்கப்போறதுக்கு எதுக்கு குட்டி?

விலை விஷயம். க்ளாக் 17 நல்ல துப்பாக்கி, 1982ல ஆஸ்திரிய ராணுவம் எடுத்ததுல இருந்து பேர் எடுத்ததுதான், ஆனா 500 டாலருக்கு மேல ஆகும். 300லிருந்து 400க்குள்ள டாரஸ் ஜி3, ஸ்மித் அண்ட் வெஸன் எஸ்டி9, ரூகர் செக்யூரிட்டி-9 இதெல்லாம் கிடைக்கும் (ரூகர் ஃபுல் சைஸ விட கொஞ்சம் சின்னதுதான், ஆனா ஸ்லைடு இழுக்க லேசு, மணிக்கட்டு வலி இருக்கவங்களுக்கு அதான் நான் முதல்ல குடுப்பேன்). பழைய எஸ்டி9 விஇ கையில வந்தா ட்ரிகர் ரொம்ப கனமா இருக்கும், வாங்கறதுக்கு முன்னாடி இழுத்துப் பாத்துக்கோங்க. கையில 700 டாலர் இருந்தா பாதிக்குதான் துப்பாக்கி வாங்கணும், மீதில தோட்டா, ஒரு நல்ல லாக்பாக்ஸ், ஒரு நாள் க்ளாஸ். 700க்கும் துப்பாக்கியே வாங்கிட்டு ஒரு பாக்ஸ் தோட்டாவோட வர்றவங்கள பாத்தா எனக்கு எரிச்சலா வரும், சத்தியமா.

வாங்குன அன்னிக்கே தொடச்சு எண்ணெய் போடுங்க. அப்புறம் ரேஞ்சுல 200 ரவுண்டு சாதா 115 கிரெய்ன் (குண்டோட எடை) தோட்டா, அதுக்கு மேல வீட்ல நெஜமா லோடு பண்ணப்போற ஹாலோ பாயிண்ட் (நுனில குழி உள்ள தோட்டா) 50. காசாகுது, ஆமா. ஆனா ஹாலோ பாயிண்டோட மூக்கு வேற மாதிரி, சாதா தோட்டாவ அழகா முழுங்குற துப்பாக்கி இதுல மக்கர் பண்றத நானே பாத்திருக்கேன். மேகசின் அடியில மார்க்கர்ல 1, 2ன்னு எழுதிடுங்க. என்கிட்ட ஒரு புது துப்பாக்கி வந்துச்சு, கம்பெனி பேரு வேணாம், கடைசி தோட்டா மட்டும் சிக்கிட்டே இருந்துச்சு, குறிச்சு வச்சதாலதான் ரெண்டாம் நம்பர் மேகசின்ல மட்டும்னு தெரிஞ்சுது, துப்பாக்கி மேல தப்பே இல்ல. சிக்குனா உடனே துப்பாக்கிய திட்டாதீங்க, மணிக்கட்ட தொளதொளன்னு விட்டாலும் ஸ்லைடு பாதிலயே நின்னுடும், அதே துப்பாக்கிய இன்னொருத்தர்ட்ட குடுத்து சுடச் சொல்லிப் பாருங்க. டப்புனு கம்மி சத்தத்துல ஒண்ணு வெடிச்சா மட்டும் அடுத்தத சுடவே சுடாதீங்க, குண்டு பேரல்லயே நின்னிருக்கலாம், டார்கெட் பக்கமே நீட்டி வச்சுட்டு ரேஞ்ச் ஆள கூப்புடுங்க.

தூரம் 25 கெஜமெல்லாம் வேணாம். உங்க வீட்ல பெட்ரூம் கதவுலேர்ந்து ஹால் கடைசி வரைக்கும் டேப் வச்சு அளங்க, பெரும்பாலும் 10 கெஜத்த தாண்டாது. 3ல ஆரம்பிச்சு 7க்கு போங்க. வலது கைக்காரங்களுக்கு குண்டு எல்லாம் இடது பக்கம் கீழயே போய் விழுந்தா குறி பாக்குற சைட்ட திருகாதீங்க, வெடிக்கப்போகுதேன்னு கை முன்னாடியே குலுங்குது, அவ்ளோதான். நான் மேகசின்ல நடுநடுவுல வெடிக்காத டம்மி தோட்டா கலந்து குடுப்பேன். அந்த அண்ணனுக்கும் குடுத்தேன், டம்மி வந்தப்ப வெடிக்காத துப்பாக்கி மூக்கு கீழ தொபுக்குனு குத்துச்சு, சம்சாரம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

இங்க வீட்டு சுவரெல்லாம் மரச்சட்டத்துல ஷீட்ராக் (ஜிப்சம் பலகை) அடிச்சது, ஊர் செங்கல் சுவர் இல்ல, எந்த 9 எம்எம்மும் ஒண்ணு ரெண்டு சுவர தாண்டிப் போகும், ஹாலோ பாயிண்டும்தான். புள்ளைங்க ரூம் எந்தப் பக்கம்னு இப்பவே நின்னு பாத்துக்கோங்க, கையில டார்ச் இல்லாம துப்பாக்கிய எடுக்காதீங்க, இருட்டுல நிக்கறது தண்ணி குடிக்க வந்த பையனா இருக்கலாம். 17 வயசுக்கு கீழ உள்ள புள்ளைக்கு எட்டுற மாதிரி லோடு பண்ணி வச்சு, அது கையில சிக்குச்சுன்னா டெக்சாஸ்ல உங்க மேலதான் கேஸ் வரும், அதனால தலகாணிக்கு அடியிலங்கற பேச்சே வேணாம், விரலால நம்பர் அழுத்துனா தெறக்குற லாக்பாக்ஸ் போதும்.

சுத்தம் பண்ணும்போது இன்னொண்ணு, க்ளாக் மாதிரி சிலத கழட்டறதுக்கே ட்ரிகர இழுத்தாகணும். மேகசின வெளிய எடுத்துட்டு அப்புறம் சேம்பர (பேரல் பின்னாடி தோட்டா உக்கார்ற எடம்) கண்ணால பாத்து விரலாலயும் தொட்டுப் பாருங்க, தோட்டா டப்பா வேற ரூம்ல இருக்கட்டும். இந்த வரிசை மாறி மெத்தைல ஓட்ட போட்டவர எனக்குத் தெரியும், மெத்தையோட போச்சுன்னு வைங்க.

அப்புறம் ரேஞ்சுலேர்ந்து வெளிய வந்தா மொத வேலை கை, முகம் சோப்பு போட்டு பச்சத் தண்ணில கழுவுறது, கையெல்லாம் ஈயம் இருக்கும். அந்த அக்கா கார்ல தயிர் சாதம் கட்டிக்கிட்டு வந்திருந்தாங்க, கழுவாமயே டப்பாவ தெறக்கப்போனாரு அண்ணன், நான்தான் பார்க்கிங்லேர்ந்து திருப்பி உள்ள அனுப்புனேன்.