மாத்திரைக்கும் உறை உண்டு

மருந்துக் கடையில் நிற்பவன் என்பதால், பல வீடுகளில் மாத்திரை எப்படி உள்ளே போகிறது என்பது எனக்குத் தெரியவரும். சில வாரங்களுக்கு முன் ஒரு பெண் வந்தார். "அண்ணே, இந்த கியாஸ் மாத்திரை அத்தைக்குக் கேக்கவே மாட்டேங்குது. வேற கம்பெனி குடுங்க" என்றார். அட்டையை வாங்கிப் பார்த்தேன். பான்டோபிரசோல் 40. சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா என்று கேட்டுவிட்டு, எப்படிக் கொடுக்கிறீர்கள் என்றும் கேட்டேன்.

"அத்தைக்கு முழுங்க வராதுண்ணே. ரெண்டு கரண்டிக்கு நடுவுல வெச்சு நசுக்கி, தேன்ல கொழைச்சுக் குடுத்துருவேன்."

மூன்று வாரமாக அப்படித்தான். அவர் பிசகாமல், பொறுமையாகச் செய்திருக்கிறார். ஆனால் மருந்தில் பெரும்பகுதி இரைப்பையிலேயே வீணாகியிருக்கும். பான்டோபிரசோல் அமிலத்தில் சிதைந்துபோகும் மருந்து. அது இரைப்பையைக் கடந்து சிறுகுடலுக்குப் போய்தான் ரத்தத்தில் கலக்க வேண்டும். அதனால்தான் அமிலத்தில் கரையாத, குடலுக்குப் போன பிறகே கரைகிற ஒன்றை அதன் மேல் போர்த்தியிருக்கிறார்கள்.

இதைக் 'கோட்டிங்' என்கிறோம், தமிழில் எழுதினால் 'மேல்பூச்சு' என்கிறோம். பூச்சு என்றதும் சுவருக்கு அடித்த வர்ணம் மாதிரி, அழகுக்கு இருப்பது என்று மனதில் பதிந்துவிடுகிறது. நான் 'உறை' என்றே சொல்லிப் பழகிவிட்டேன். தலையணை உறை, கையுறை, கடித உறை என்று தினமும் புழங்குகிற சொல். கீழடியில் சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கிணறு கிடைத்ததே, அதையும் உறைகிணறு என்றுதான் சொல்கிறோம். அந்த வளையம் இல்லாவிட்டால் மண் சரிந்து கிணறு தூர்ந்துவிடும்.

மாத்திரையை விளக்க எனக்கு ரொம்பப் பொருத்தமாகத் தெரிவது வாளுறை. வாள் துருப்பிடிக்காமலும் இருக்கும், இடுப்பில் செருகியவனை அது அறுக்காமலும் இருக்கும். மாத்திரை உறையும் அந்த இரண்டு வேலையையும் செய்கிறது. பான்டோபிரசோலில் வயிற்று அமிலத்திடமிருந்து மருந்தைக் காக்கிறது. இதய நோயாளிகள் சாப்பிடுகிற ஆஸ்பிரினில் மருந்து நேராக இரைப்பைச் சுவரில் பட்டு அரிக்காமல் பார்த்துக்கொள்கிறது.

இன்னொரு வகையில் உறை, அல்லது மாத்திரையின் உட்கட்டமைப்பே, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர். என்று இருக்கும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் எஸ்.ஆர். எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாள் முழுக்கச் சிறுகச் சிறுக இறங்க வேண்டிய மருந்து, நசுக்கினால் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். ரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபின் ரிடார்டு போன்றவற்றில் இது உயிருக்கே ஆபத்தாகலாம். அழுத்தம் சட்டென்று சரிந்துவிடும். எக்ஸ்.ஆர். மாத்திரை சாப்பிடுகிற சிலர், மலத்தில் மாத்திரை முழுசாக வருகிறது என்று பயந்துபோய்க் கேட்பார்கள். பெரும்பாலும் அது வெறும் கூடுதான். மருந்து உள்ளே இறங்கியிருக்கும்.

நடுவில் கோடு போட்டிருந்தால் உடைக்கலாமா என்று கேட்பார்கள். ரத்த அழுத்தத்துக்கான மெட்டோப்ரோலால் சக்சினேட் மாதிரி சில நீண்டநேர மாத்திரைகளைக் கோட்டில் இரண்டாக உடைக்கலாம், ஆனால் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. எல்லா மாத்திரைக்கும் இது பொருந்தாது என்பதால், அந்த அட்டையைக் காட்டிக் கேட்டுக்கொள்வதுதான் நல்லது. கசப்பு தெரியாமல் இருக்க மட்டும் உறை போட்ட மாத்திரைகளும் உண்டு. அவற்றில் பலவற்றைப் பொடித்தாலும் பாதகமில்லை. எது எது என்பது கண்ணால் பார்த்தால் தெரியாது, அதுதான் சிக்கல்.

கேப்சூல் கதை வேறு. ஒமெப்ரசோல் (இதுவும் கியாஸ் மருந்துதான்) கேப்சூலைத் திறந்தால் உள்ளே சின்னச் சின்ன உருண்டைகள், கேழ்வரகு மணி மாதிரி. உண்மையான உறை அந்த ஒவ்வொரு மணியின் மேலும் இருக்கிறது. வெளிக்கூடு வெறும் டப்பாதான். விழுங்க முடியாதவர்களுக்கு, மருத்துவர் சரி என்றால், அந்த மணிகளை ஒரு கரண்டி ஆப்பிள் ஜூஸில் போட்டு மெல்லாமல் விழுங்கச் சொல்லலாம். பாலில் வேண்டாம். பாலுக்குப் புளிப்பு இல்லை, அந்த உறை வாய்க்குப் போவதற்கு முன்பே கரையத் தொடங்கலாம்.

அப்புறம் அந்த அட்டை. அதுவும் ஓர் உறைதான். எல்லா மாத்திரையையும் பிதுக்கி ஒரே டப்பாவில் கொட்டி வைப்பவர்கள் நிறைய. வலிப்புக்குக் கொடுக்கிற சோடியம் வால்ப்ரோயேட் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சாப்பிடுகிற நேரத்தில் பிரித்தால் போதும்.

அந்தப் பெண்ணை நான் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்து அனுப்பவில்லை. மருத்துவரிடம் பேசச் சொன்னேன். தண்ணீரில் கலந்து குடிக்கிற பாக்கெட் மருந்தாக மாற்றி எழுதிக்கொடுத்திருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் விழுங்கச் சிரமப்படுபவரோ, மூக்குக் குழாய் வழியாக உணவு எடுப்பவரோ இருந்தால், மருத்துவர் சீட்டு எழுதும்போதே சொல்லிவிடுங்கள். மறந்துவிட்டால் கடையிலாவது சொல்லுங்கள். பல மருந்துகளுக்குச் சிரப், கரைகிற மாத்திரை, பாக்கெட் என்று மாற்று இருக்கிறது. அட்டையில் பொடி எழுத்தில் 'என்டெரிக் கோட்டட்', 'காஸ்ட்ரோ-ரெசிஸ்டன்ட்' (இரண்டும் இரைப்பையில் கரையாத உறை), 'ப்ரோலாங்டு ரிலீஸ்' (கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது) என்று ஆங்கிலத்தில் இருக்கும். படிக்க வராவிட்டால் எங்களிடம் நீட்டுங்கள், படித்துச் சொல்கிறோம். கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் கேளுங்கள்.