கோட் ரிவியூ நடக்கும் அறையில் மேனேஜருக்கு என்ன வேலை?

மண்ணடி, பாரிமுனைப் பக்கம் கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீஸ்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அவர்களுக்கும் மணலி, எண்ணூர் பக்கம் இருக்கும் கன்டெய்னர் யார்டுகளுக்கும் பில் போடுகிற சாஃப்ட்வேரை யாரோ உட்கார்ந்து எழுதத்தானே வேண்டும், ஓஎம்ஆர் கண்ணாடிக் கட்டடத்தில் மட்டும்தான் சாஃப்ட்வேர் பிறக்கும் என்று ஒன்றும் கிடையாது. அப்படி ஒரு யார்டு சாஃப்ட்வேரில் வரக்கூடிய ஒரு விதியை எடுத்துக்கொள்வோம்: "கன்டெய்னர் உள்ளே வந்ததிலிருந்து 3 நாளுக்கு வாடகை கிடையாது." எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி வரிசையில் நின்று நின்று, ராத்திரி 11.40-க்கு கேட்டுக்குள் நுழைகிற பெட்டிக்கு அந்த 20 நிமிஷம் ஒரு நாளா? யார்டுக்காரர் மறுநாளிலிருந்துதான் எண்ணுகிறார், ஆனால் கோட் எழுதியவர் ஆமாம் என்று நினைத்துவிட்டால், அதைச் சரிபார்க்க அவர் எழுதும் டெஸ்ட்டும் அதையேதான் சரி என்று சொல்லும். டெஸ்ட் எல்லாம் பச்சை, பில் எல்லாம் தப்பு.

இந்த மாதிரிப் பிழை புரோகிராமை ஓட்டிப் பார்த்தால் சிக்காது. எழுதியவர் திரும்பப் படித்தாலும் சிக்காது, ஏனென்றால் அவர் கண்ணுக்குத் தெரிவது அவர் நினைத்தது, எழுதியது இல்லை. இன்னொருவர் படிக்க வேண்டும், அதற்குப் பெயர்தான் கோட் ரிவியூ.

இதை ஒரு முறையாகவே ஆக்கியவர் ஐபிஎம்மில் இருந்த மைக்கேல் ஃபேகன். 1976-ல் ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னலில் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் 'இன்ஸ்பெக்‌ஷன்' என்கிற முறையான ரிவியூ பரவியது. அவர் ஹார்டுவேர் தயாரிப்பைப் பார்த்துவிட்டு சாஃப்ட்வேருக்கு வந்தவர், அதனால் தொழிற்சாலை யோசனையை அப்படியே கொண்டுவந்தார். பெரம்பூர் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், வெல்டிங் வைத்தவரே அதற்குப் பாஸ் போட்டுக்கொள்ள முடியாது.

முறை இதுதான். முதலில் எதைப் பார்க்கப் போகிறோம், யார் யார் என்று முடிவாகும். எழுதியவர் பின்னணியைச் சொல்வார். அப்புறம் ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து படிப்பார்கள், அதற்குப் பிறகுதான் மீட்டிங். அங்கே மீட்டிங்கை நடத்திக்கொண்டு போக மாடரேட்டர் ஒருவர் இருப்பார். இன்னொருவர், எழுதியவர் அல்லாதவர், கோட் அல்லது டாக்குமென்ட்டைத் தன் சொந்த வார்த்தையில் விளக்கிக்கொண்டே போவார். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். "பெட்டி வந்த நாளையும் சேர்த்து மூணு நாள்" என்று அவர் சொல்லும்போது பக்கத்தில் இருப்பவர் "ஒரு நிமிஷம், மறுநாளிலிருந்து தானே?" என்பார். அவ்வளவுதான், பிழை வெளியே வந்துவிட்டது. அதைக் குறித்துக்கொண்டு நகர வேண்டும், எப்படித் திருத்துவது என்று அங்கேயே வாதம் பண்ணக் கூடாது. பிற்பாடு எழுதியவர் திருத்துவார், திருத்தினாரா என்று மாடரேட்டர் பார்த்த பிறகுதான் கணக்கு முடியும்.

2 மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது, அதற்குமேல் யார் மூளையும் வேலை செய்யாது. வேகம் மணிக்கு 100 முதல் 150 வரி வரை என்பார்கள். கேட்டதும் எல்லோரும் சிரிப்பார்கள், ஆனால் 800 வரி மாற்றத்தை இரண்டு நிமிஷத்தில் "ஓகே" போட்டு அனுப்புவதற்குப் பெயர் ரிவியூ இல்லை, கையெழுத்து.

சரி, இதை ஒரு கம்பெனிக்குள் எப்படிக் கொண்டுவருவது? திங்கட்கிழமை முதல் எல்லாக் கோடுக்கும் ரிவியூ கட்டாயம் என்று மெயில் போட்டால், ஒரு மாதத்தில் எல்லோரும் படிவத்தை மட்டும் நிரப்பக் கற்றுக்கொள்வார்கள். ஒரே ஒரு டீமில், காசு கணக்குப் போடுகிற பகுதியில் மட்டும் ஆரம்பிப்பது நல்லது. முதலில் மேசைக்கு வர வேண்டியது புதிதாகச் சேர்ந்த பையனுடைய கோட் இல்லை, எல்லோரும் மதிக்கிற சீனியருடையது. அவர் எழுதியதிலேயே பிழை வருகிறது, அவரும் முகம் சுளிக்காமல் குறித்துக்கொள்கிறார் என்று பார்த்தால் மற்றவர்கள் பயமில்லாமல் கொண்டுவருவார்கள்.

இப்போது மேனேஜர். அவர் அறைக்குள் உட்கார்ந்தால் பேச்சே மாறிவிடும், ஒருவர் நண்பரைக் காப்பாற்ற வாயை மூடிக்கொள்வார், இன்னொருவர் தன் திறமையைக் காட்ட ஸ்பெல்லிங் பிழையைக்கூடப் பெரிதாக்குவார். அதைவிட மோசம், யார் கோடில் எத்தனை பிழை என்ற எண்ணை அப்ரைசலில் சேர்ப்பது. ஃபேகனே வேண்டாம் என்று எச்சரித்த விஷயம் இது. ஒரு தடவை அப்படிச் செய்தால் போதும், மீட்டிங்குக்கு முன்பே டீக்கடையில் நண்பரிடம் காட்டிப் பிழையை எடுத்துவிட்டு வருவார்கள், பதிவேட்டில் எல்லாம் சுத்தமாக இருக்கும். மேனேஜர் செய்ய வேண்டியது வேறு: படிக்கிற நேரத்தை ரிலீஸ் அட்டவணையிலேயே ஒதுக்கித் தருவது. அது இல்லாமல் "ரிவியூவும் பண்ணுங்க, தேதியும் மாறாது" என்றால் முதலில் வெட்டுப்படுவது படிப்புதான்.

அந்தப் படிப்புதான் உயிர். பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த லாரன்ஸ் வோட்டா 1993-ல் இதை அளந்து பார்த்தார். மீட்டிங்கில் கூடிப் பேசியதால் புதிதாகக் கிடைத்த பிழைகள் சுமார் 4 சதவீதம்தான், மற்றதெல்லாம் முன்னாடியே தனியாகப் படித்தபோது கண்ணில் பட்டவை. மீட்டிங்கே வேண்டாம் என்று இதை வைத்து வாதாடுகிறவர்கள் உண்டு. நான் அந்த அளவு போக மாட்டேன், வெவ்வேறு ஊரில் இருக்கிற டீமுக்கு அது சரிப்படலாம், ஆனால் மீட்டிங் தேதி என்று ஒன்று இல்லாவிட்டால் பாதிப் பேர் படிக்கவே மாட்டார்கள்.

அதனால் ஒவ்வொரு மீட்டிங்கின் ஆரம்பத்திலும் மாடரேட்டர் எல்லோரிடமும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியது, எவ்வளவு நேரம் படித்தீர்கள் என்பது. 300 வரிக்கு ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று பதில் வந்தால் அன்றைக்கு மீட்டிங்கை நடத்தாதீர்கள், வேறு தேதி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.