கயாக் கிளம்பும் நேரத்தை ஓதம்தான் சொல்லும்

பிச்சாவரம் கழியில் கயாக் (துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) ஓட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு தூரம் போகலாம் என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பின்னிக்கிடக்கும் இந்த நீர்வழிகள், கடலோடு சேர்ந்து நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகின்றன. இதுதான் ஓதம்: நீர் ஏறுவது ஏற்றம், வடிவது வற்றம். அந்த ஓட்டம் நம் துடுப்பைவிடப் பலசாலி.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நிதானமாகத் துடுப்புப் போட்டால் அசையாத நீரில் மணிக்கு 4 கிலோமீட்டர் போகலாம். 3 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம். நீரோட்டம் மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே பக்கமாக ஓடினால் என்ன ஆகும்? ஓட்டத்தோடு போக அரை மணி, எதிர்த்து வர ஒன்றரை மணி, ஆக 2 மணி. போகும்போது மிச்சமான நேரத்தைவிடத் திரும்பும்போது அதிகமாகவே இழக்கிறோம். ஆனால் நாம் திரும்பும் நேரத்தில் நீரும் திரும்பிவிட்டால், மொத்தமே 1 மணிதான்!

கிள்ளைப் பக்கத்துப் படகுத்துறை மேற்கே, கடல் கிழக்கே. அதனால் வற்றத்தின் கடைசிப் பகுதியில் கிளம்பி, ஏற்றத்தோடு திரும்புவதுதான் நல்ல திட்டம். வெயில் ஏறினால் தரை சூடாகிக் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். அதுவும் கரைப் பக்கமே தள்ளும். காலை 9, 10 மணி வாக்கில் நீர் முழுதாக வற்றும் நாள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

அந்த நாளை எப்படிக் கண்டுபிடிப்பது? ஓத நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். வீட்டுத் தினசரிக் காலண்டரில் திதியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம், ஓட்டமும் வேகம். அஷ்டமியை ஒட்டி இரண்டுமே குறைவு. புதிதாக ஓட்டுபவர்களுக்கு அதுதான் தோது. மணிக்கணக்கு வேண்டுமென்றால் இந்திய நில அளவைத் துறையின் ஓத அட்டவணை இருக்கிறது. ஆனால் அது துறைமுகத்துக்கான நேரம். ஆழமில்லாத, வளைந்த கழிக்குள் நீர் உராய்ந்து உராய்ந்து வருவதால் உள்ளே மாற்றம் தாமதமாகும்.

அலையாத்திக் காடு இதில் இன்னொரு வேலை செய்கிறது. ஏற்றத்தில் மரங்களுக்கிடையே பரவிய நீரை வேர்க்கூட்டம் சட்டென்று விடுவதில்லை. வாய்க்காலில் மட்டம் இறங்கிய பிறகும் காட்டுக்குள் நீர் உயரமாகவே நிற்கும். அந்த உயர வித்தியாசத்தால், இத்தகைய கழிகளில் பொதுவாக ஏற்றத்தைவிட வற்றம் வேகமாக ஓடும். கரையோரம் நிறுத்திப் பார்த்தால், மூச்சுவேர்களுக்கு நடுவிலிருந்தும் நண்டு வளைகளிலிருந்தும் மெல்லிய கோடுகளாக நீர் வடிவது தெரியும். பார்க்கச் சலிக்காத காட்சி அது. தாங்குவேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பிகளைப் பிடித்துவிடாதீர்கள், கை கிழிந்துவிடும்.

ஓட்டத்தை அளக்கக் கருவி வேண்டாம். மிதந்து வரும் ஓர் இலை 3 மீட்டர் கயாக்கின் நீளத்தைக் கடக்க எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். கயாக் அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். 6 விநாடி என்றால் மணிக்கு 1.8 கிலோமீட்டர்.

இது காப்புக்காடு, அனுமதித்த வழியில் மட்டும், லைஃப் ஜாக்கெட்டோடு போங்கள். சின்னவாய்க்கால் முகத்துவாரம் கண்ணில் படும் முன்பே திரும்பிவிட வேண்டும். வெளியே ஓடும் வற்றமும் உள்ளே வீசும் காற்றும் அங்கே மோதினால் அலைகள் குத்தாக எழும், கயாக்குக்கு அது ஆகாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கணக்கு எதையும் நம்ப வேண்டாம். ஆறுகளில் வெள்ளம் வந்தால், ஏற்ற நேரத்திலும் நீர் கடலை நோக்கியே ஓடக்கூடும்.