கஸ்டமைஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

ஒன்றை அவரவருக்கு ஏற்றபடி மாற்றுவதைச் சொல்லும் ‘கஸ்டமைஸ்’ என்ற சொல்லுக்குள் இருப்பது ‘கஸ்டம்’. லத்தீனில் பழக்கத்தைக் குறித்த சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து இப்படி ஆனது. ஒரே கடைக்குப் போய்ப் பழகியவர் ‘கஸ்டமர்’. நம் ‘வாடிக்கை’யும் இதே தடத்தில்தான் நடந்திருக்கிறது: வாடிக்கை என்றால் வழக்கம், வழக்கமாக வருபவர் வாடிக்கையாளர். அவருக்கென்று அளவெடுத்துத் தைத்தது ‘கஸ்டம்’ சட்டை. அந்தத் தையல்கடைப் பொருளிலிருந்து 20ஆம் நூற்றாண்டில் ‘கஸ்டமைஸ்’ கிளைத்தது.

மென்பொருள்களில் இதற்குத் ‘தனிப்பயனாக்கு’ என்று போடுகிறார்கள். ரிங்டோன் மாற்ற அது போதும். அறிதிறன் குறைபாடு உள்ளவர்களுக்காகத் திரையை மாற்றுவது பற்றிப் பேசும்போது போதவில்லை. (அறிதிறன் குறைபாடு என்றால் அறிவு மட்டு என்று பொருளல்ல. கவனம், நினைவு, எழுத்தைப் படித்தல், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தல் என எதில் வேண்டுமானாலும் தடை இருக்கலாம். எழுத்துகளைப் படிக்கத் தடுமாறும் டிஸ்லெக்சியாவும் இதில் சேரும், மறதி நோயும் சேரும்.)

பக்கவாதம் வந்த பிறகு என் பெரியப்பாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை. முகங்கள் நன்றாகத் தெரியும். அதனால் அவர் ஃபோனின் முகப்பில் மூன்று பேர் படத்தை மட்டும் வைத்துக் கொடுத்தோம், தொட்டால் அழைப்பு போகும். ஓர் இரவு அப்டேட் வந்து படங்களை ஒரு வரி கீழே தள்ளிவிட்டது. மறுநாள் முழுக்க, பழைய இடத்திலேயே, வெற்றுத் திரையைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சொல் ‘தகவமைத்தல்’. பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தில் ஒட்டகத்தையும் கள்ளியையும் பற்றிப் படித்த அதே சொல்தான். இத்தனை நாளும் கணினி பாலைவனமாக இருந்தது, ஆள்தான் ஒட்டகமாக வேண்டியிருந்தது. இப்போது திருப்பிப் போடுகிறோம், அவ்வளவுதான்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. அமைதல் தன்வினை, அமைத்தல் பிறவினை. மைக்ரோசாஃப்டின் ஆஃபிஸ் 2000இல் அதிகம் தொடாத கட்டளைகள் மெனுவிலிருந்து தாமாகவே மறைந்துகொள்ளும். அது தகவமைதல். நேற்று இருந்தது இன்று இல்லையென்றால் நினைவு தடுமாறுகிறவர் என்ன செய்வார்? ஆப்பிள் 2023இல் ஐஃபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 17உடன் தந்த ‘அசிஸ்டிவ் ஆக்சஸ்’ வேறு வகை. துணையிருப்பவர் உட்கார்ந்து, எந்தச் செயலிகள் வேண்டும், வரிசையாகவா கட்டமாகவா என்று முடிவு செய்து பெரிய பெரிய பொத்தான்களாக வைத்துத் தருகிறார். தகவமைத்தல் என்பது அது.

கட்டுரைக்கு இந்தச் சொல் சரி. பொத்தானில் எழுத இதுவும் கனம்தான். அறிதிறன், கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்காக இணையத்தின் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டி, அவரவர் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள வழி வேண்டும் என்பதோடு தெளிவான, எளிய சொற்களையும் கேட்கிறது. எழுத்துக் கூட்டுகிறவர் முன்னால் ‘தனிப்பயனாக்கு’ என்று நீட்டுவானேன்? ‘எனக்கேற்ப மாற்று’ என்று போடலாம்.