திப்பி சும்மா கிடைக்காது: மறுசுழற்சித் தொழிலுக்கு மானியம் கேட்கும் முன்

மறுசுழற்சித் தொழிலுக்கு மானியம் கேட்டு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரு மெஷின் கொட்டேஷனோடுதான் என் அலுவலகத்துக்கு வருகிறார்கள். சேலத்தில் ஆடிட்டராக இருப்பதால் கணக்கோடு சேர்த்துத் திட்ட அறிக்கையையும் பார்த்துத் தரச் சொல்வார்கள். மெஷினுக்கு நான்கு பக்கம் இருக்கும். மூலப்பொருள் என்ற இடத்தில் மட்டும் ஒரே வரி: ‘கழிவு என்பதால் செலவு இல்லை.’ நல்ல யோசனைகள் பல அந்த ஒரு வரியில்தான் அடிபட்டுப் போகின்றன.

சேலத்துக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் தரையைக் கூட்டி அள்ளும் தூசிக்குக்கூட விலை உண்டு. அதிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்கத் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். சுழற்சிப் பொருளாதாரம் என்று இன்று மாநாடு போட்டுப் பேசுவதை அந்தத் தெருக்கள் தலைமுறைகளாகச் செய்து வருகின்றன. அப்படியிருக்க, ஜவ்வரிசி ஆலைக் கழிவு மட்டும் நமக்காகச் சும்மா காத்துக் கிடக்கும் என்று எப்படி நம்புகிறோம்?

ஆத்தூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் திப்பியில் நாற்றுக் கிண்ணம் செய்யும் யோசனையோடு வந்தார். ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக்கிழங்கைத் தோல் நீக்கி அரைத்து, சல்லடையில் மாவுப்பாலைப் பிரித்த பிறகு மிஞ்சும் நார்ச்சக்கைதான் திப்பி. நாற்றுப் பண்ணைகளில் கறுப்புப் பிளாஸ்டிக் பைக்குப் பதிலாக, செடியோடு மண்ணில் வைத்தால் மட்கிப்போகும் கிண்ணம். யோசனை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவர் இன்னும் எந்த ஆலைக்காரரிடமும் பேசவில்லை. சரி, முதலில் போய்ப் பேசுவோம் என்று நானும் கூடப் போனேன்.

களம் முழுக்கத் திப்பி காய்ந்துகொண்டிருந்தது. ஆலைக்காரர் நிதானமாகச் சொன்னார்: “காய்ஞ்ச திப்பிக்கு மாட்டுத் தீவனக்காரங்க முன்பணமே கொடுத்து வச்சிருக்காங்க தம்பி. ஈரத் திப்பின்னா எடுத்துக்கோங்க. ஆனா அன்னன்னிக்கே அள்ளிடணும், மறுநாள் வாடை தாங்காது. மழைநாள்லதான் எங்களுக்கே தொந்தரவு. அப்ப வருவீங்களா?”

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் திட்டமே இருக்கிறது. வெயில் நாளில் திப்பி ஒரு சரக்கு. மழை நாளில்தான் அது கழிவு. அப்படியானால் நாம் விடை தேட வேண்டிய கேள்வி, ஈரத் திப்பியை வெயில் இல்லாமல், கட்டுப்படியாகும் செலவில் கிண்ணமாக்க முடியுமா என்பதுதான். ஒரு கிலோ நீரை ஆவியாக்கவே குறைந்தது சுமார் 0.63 யூனிட் ஆற்றல் வேண்டும். நடைமுறையில் இன்னும் கூடும். பிழிந்து எடுக்கும் நீருக்கு அவ்வளவு ஆகாது. எவ்வளவு பிழியலாம், எந்த ஈரத்தில் அச்சில் நிற்கும், கிண்ணம் எத்தனை நாள் தாங்கும் என்பதையெல்லாம் சின்ன அளவில் சோதித்துப் பார்க்கத்தான் ஆரம்பக்கட்ட மானியம் இருக்கிறது. பெரிய மெஷின் வாங்க அல்ல.

இதை ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் மெஷினின் அழகைப் பார்ப்பதில்லை. உங்களுக்கு இன்னும் விடை தெரியாதது எது, அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு ஆகும், மூலப்பொருள் யாரிடமிருந்து என்ன விலைக்கு எந்த மாதங்களில் வரும், பொருளை யார் வாங்குவார் என்றுதான் கேட்கிறார்கள். ஆலையின் லெட்டர்பேடில் ‘ஈரத் திப்பி இவ்வளவு தரச் சம்மதம்’ என்று ஒரு கடிதம், நாற்றுப் பண்ணைக்காரரிடமிருந்து ‘மாதிரி கொடுத்தால் வைத்துப் பார்க்கிறேன்’ என்று இன்னொன்று. இந்த இரண்டு தாள்களும் முப்பது பக்கத் திட்ட அறிக்கையைவிடக் கனமானவை.

எங்கே கேட்பது என்றால், கம்பெனி தொடங்காத தனிநபரும் மாதிரிப் பொருள் செய்து பார்க்க விண்ணப்பிக்கக்கூடிய திட்டம் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ‘நிதி பிரயாஸ்’. 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். புதுத் தொழில்களை வளர்த்துவிடும் மையங்களான இன்குபேட்டர்கள் வழியாகத்தான் போக வேண்டும். தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சரில் 2 லட்சம், 5 லட்சம் என்று இரண்டு நிலைகள். தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு நடத்தும் டான்சீட் 10 லட்சம் வரை தருகிறது. பசுமைத் தொழில்நுட்பம், ஊரகத் தாக்கம், பெண்கள் தலைமை ஆகிய பிரிவுகளுக்கு 15 லட்சம் வரை. டான்சீட்டில் உங்கள் கம்பெனியில் அரசு ஒரு சிறு பங்கும் எடுத்துக்கொள்ளும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 2021-ல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்டில் மாதிரி நிலைக்கு 20 லட்சம் வரை மானியம் என்று வைத்தார்கள். கம்பெனி பதிவாகி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது அதில் நிபந்தனை. ஆர்வத்தில் முதலிலேயே கம்பெனியைப் பதிவு செய்துவிட்டு, சோதனையைத் தள்ளிப்போட்டு, அந்தக் காலக்கெடுவைத் தாண்டிவிட்டவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. எந்தத் திட்டம் இப்போது திறந்திருக்கிறது என்பதை அதனதன் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பி.எம்.இ.ஜி.பி. என்ற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் வேறு வகை. அது வங்கிக் கடனோடு வருவது. மானியத் தொகை மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாகவே இருக்கும், கையில் வராது.

ஏற்காட்டுக் கதை இன்னொரு மாதிரி. காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் பல்ப்பர் இயந்திரத்தில் போட்டால் சிவப்புத் தோலும் சதையும் குவியும். அறுவடை நவம்பரிலிருந்து மூன்று நான்கு மாதத்துக்குள் முடிந்துவிடும். ஈரத்தோல் சீக்கிரம் புளித்துவிடும். ஓடையில் கலந்தால் தண்ணீர் கெடும். அதை லாரியில் ஏற்றி இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கிச் சேலம் கொண்டுவந்தால், நாம் வாடகை கொடுப்பது பெரும்பாலும் தண்ணீருக்குத்தான். எனவே மலையிலேயே மட்க வைக்கவோ காயவைக்கவோ வேண்டும். அதற்கு மழை படாத கொட்டகை வேண்டும். சீட் ஃபண்ட் போன்ற திட்டங்களில் கட்டடம் கட்டப் பணத்தைத் தொடக் கூடாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் பட்ஜெட்டில் பாதியைக் கொட்டகைக்கு எழுதி அனுப்புகிறார்கள். தோட்டக்காரரின் பழைய கொட்டகையைப் பயன்படுத்த எழுத்தில் அனுமதி வாங்கி, மானியத்தைச் சோதனைக்கு மட்டும் கேட்பதே வழி.

பணம் வந்த பிறகுதான் என் வேலை கூடுதல். தவணை தவணையாகத்தான் வரும். முதல் தவணைக்குக் கணக்குக் காட்டினால்தான் அடுத்தது. நடுவில் சம்பளமும் கரண்ட் பில்லும் நிற்காது, அதற்குக் கொஞ்சம் சொந்தப் பணம் கையில் இருக்கட்டும். தனி வங்கிக் கணக்கு வையுங்கள். அதில் சேரும் வட்டியும் அரசுக்குத் திருப்ப வேண்டியதாக இருக்கலாம். பில் கம்பெனி பெயரில் இருக்க வேண்டும். அண்ணன் பெயரில் வாங்கிய மோட்டார் கணக்கில் ஏறாது. 2015-ல் வருமான வரிச் சட்டத்தைத் திருத்திய பிறகு அரசு மானியமும் வருமானத்தில் சேர்கிறது. சொத்து வாங்கக் கிடைத்ததென்றால் அந்தச் சொத்தின் விலையில் கழித்துக் காட்ட வேண்டும். அப்புறம், சின்ன அளவைத் தாண்டி உற்பத்தி என்று போகும்போது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். கழிவைத்தானே சுத்தம் செய்கிறோம், நமக்கெதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. திப்பியைப் பிழிந்த நீரும் கழிவுநீர்தான்.

“பத்து சதவீதம் கொடுங்க, மானியம் வாங்கித் தர்றேன்” என்று போனில் கூப்பிடும் ஆட்களிடம் தயவுசெய்து சிக்காதீர்கள். கமிஷனை எந்தத் திட்டத்திலும் செலவாகக் காட்ட முடியாது. அதை மறைக்க மெஷின் பில்லை ஏற்றச் சொல்வார்கள். மானியத்தை எப்படிச் செலவழித்தீர்கள் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள்.

ஆத்தூர் இளைஞர் விண்ணப்பத்தை மாற்றி எழுதினார். கொட்டேஷன் போய், ஒரு கைப்பிழிப்பான், இரண்டு அச்சுகள், ஆய்வகச் சோதனைக் கட்டணம் என்று தொகை கால்வாசியாகச் சுருங்கியது. கால அட்டவணையையும் திருத்தச் சொன்னேன்: கிழங்கு வரத்து ஓய்ந்த கோடையில் பணம் வந்து பயனில்லை. ஆலை ஓடி, மழையும் பெய்கிற ஐப்பசி கார்த்திகையில் அச்சு தயாராக இருக்க வேண்டும். அதற்கு மாசியிலேயே விண்ணப்பம் போயாக வேண்டும்.