அலறலுக்குச் சுருதி சேர்த்தவர்

மைக்கைக் கையில் பிடித்தபடி பேச்சாளர் ஒலிபெருக்கிக்கு அருகில் போனால் 'ஊய்ங்' என்று ஓர் அலறல் கிளம்பும். கூட்டம் காதைப் பொத்திக்கொள்ளும். ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அந்த அலறலைத் தன் கிதாரில் வலிய வரவழைத்து இசையாக வாசித்தார். அவருக்கு முன்பே சிலர் அதைத் தொட்டுப் பார்த்திருந்தார்கள். வேண்டிய சுரத்தில் நிறுத்தி, வேண்டிய நேரம்வரை பிடித்து வைக்கும் அளவுக்கு அதைப் பழக்கியவர் அவர்தான் என்பேன்.

1942 நவம்பர் 27 அன்று அமெரிக்காவின் சியாட்டிலில் பிறந்தார். பாராசூட் படைப்பிரிவில் சில காலம், லிட்டில் ரிச்சர்ட் போன்ற பாடகர்களின் குழுவில் பின்வரிசையில் சில காலம் என்று கழிந்தது. 1966 செப்டம்பரில் இங்கிலாந்து ராக் இசைக்கலைஞர் சாஸ் சாண்ட்லர் அவரை லண்டனுக்கு அழைத்துப் போனார். அதன்பின் கிடைத்தது நான்கே ஆண்டுகள். 27 வயதில் இறந்துவிட்டார்.

இடக்கையர். வலக்கையருக்கான ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்கிதாரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் உறுப்பு பிக்கப். அந்தக் கிதாரின் கடைசி பிக்கப் சாய்வாகப் பொருத்தப்பட்டது. திருப்பியதும் சாய்வும் திரும்பிவிடுகிறது. தடித்த தந்திகளின் ஒலி சற்றுக் கூர்மையாகவும், மெல்லிய தந்திகளின் ஒலி சற்று மென்மையாகவும் வரும். ஆனால் இது சிறிய வேறுபாடுதான். இதையே அவருடைய ரகசியம் என்பவர்களை நான் நம்புவதில்லை.

ரகசியம் ஒரு சுழற்சியில் இருக்கிறது. பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச்சுருளும். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் குலைந்து, சுருளில் சிறு மின்சாரம் பிறக்கிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்க, ஒலிபெருக்கி காற்றை உதைக்கிறது. சத்தம் போதிய அளவு பெரிதானால் அந்தக் காற்றே திரும்பி வந்து தந்தியை அசைக்கும். மறுபடி மின்சாரம், மறுபடி சத்தம். விரல் மீட்டாமலே தந்தி பாடிக்கொண்டிருக்கும்.

எந்தச் சுரம் பாடும்? திரும்பி வரும் உதை, தந்தியின் ஆட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல. நேரம் தவறினால் அதே கை ஊஞ்சலை நிறுத்திவிடும். 440 ஹெர்ட்ஸ் சுரத்தின் அலைநீளம் காற்றில் சுமார் 78 செ.மீ. வாசிப்பவர் ஒலிபெருக்கியிலிருந்து 39 செ.மீ. விலகினாலே அந்தச் சுரத்துக்கு உதை எதிர்த்திசையாகிவிடும். அது அடங்க, அதே தந்தியில் கூடவே ஒலிக்கும் உயர்ந்த சுரங்களில் ஒன்று, ஒரு மேற்சுரம், தலைதூக்கும். மேடையில் அவர் முன்னும் பின்னும் நகர்ந்ததில் பாதி ஆட்டம், பாதி வாசிப்பு.

இதற்குத் துணையாகக் காலடியில் ஃபஸ் ஃபேஸ் என்ற வட்டப் பெட்டி. உள்ளே இரண்டே டிரான்சிஸ்டர்கள். அவற்றின் வரம்பை மீறும் அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. மூலத்தில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கின்றன. தந்தியின் அதிர்வு தளர்ந்தாலும் வெட்டுப்பட்ட உயரம் நெடுநேரம் அப்படியே இருப்பதால் ஒலி இழுத்துக்கொண்டே போகும். ஒலிப் பொறியாளர் ரோஜர் மேயர் செய்து கொடுத்த ஆக்டேவியா என்ற பெட்டி இன்னும் விசித்திரம்: அலையின் கீழ்ப்பாதியை மேலே மடித்துவிடும். அதிர்வெண் இரட்டிப்பாகி, அதே சுரம் மேல் ஸ்தாயியிலும் கேட்கும்.

இத்தனையும் ஒன்றாகக் கேட்க வேண்டுமானால் 1969 ஆகஸ்ட் 18 காலை அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழாவில் அவர் வாசித்த அமெரிக்கத் தேசிய கீதம் போதும். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். மெட்டின் நடுவே கிதாரின் அதிர்வுக்கோலை அழுத்துகிறார். தந்திகள் தளர்கின்றன, இழுவிசை கால்பங்காகக் குறைந்தால் சுரம் ஒரு ஸ்தாயி இறங்கும். காற்று தந்தியை உதைத்துக்கொண்டே இருப்பதால் சரியும் சுரம் சாவதில்லை. கேட்டவர்கள் அதைக் குண்டு விழும் ஓசை என்றார்கள். ஒரு கணத்தில் அவர் கோலை விடுகிறார். தந்திகள் இறுகி, மெட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.