அறுபது மடங்கில் ஏன் இருள்கிறது?

யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலோரம் நின்று பூநாரைகளைப் பார்ப்பதற்காக, 20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கும் தொலைநோக்கி ஒன்றை வாங்கிய வாசகர், 20 மடங்கில் துலக்கமாகத் தெரிந்த பறவை 60 மடங்கில் இருண்டு கலங்கிப்போவது வில்லையின் பழுதா என்று கேட்டு எழுதியிருக்கிறார். வில்லையில் பழுதில்லை, அவரது பொருளியின், அதாவது முன்பக்கத்துப் பெரிய வில்லையின், விட்டம் 60 மில்லிமீற்றர் என்பதிலேயே விடை இருக்கிறது.

பொருளி விம்பத்தை அமைப்பதும் கண் வைக்கும் பக்கத்து வில்லையான பார்வைத்துண்டு அதைப் பெருப்பித்துக் காட்டுவதும் பாடசாலையில் படித்தவையே. அங்கே பலரும் விரைந்து கடந்துவிடுவது கண்வளையம். தொலைநோக்கியைச் சூரியன் இல்லாத பக்கத்து வெளிறிய வானத்தை நோக்கித் திருப்பி, கண்ணை ஓரடி பின்னே எடுத்துப் பார்வைத்துண்டைப் பாருங்கள். கறுப்புக்கு நடுவே வெள்ளை வட்டமொன்று, கண்ணாடிக்குச் சற்று வெளியே காற்றில் நிற்பதுபோலத் தெரியும். அதுவே கண்வளையம்: பார்வைத்துண்டு அமைக்கும், பொருளியின் விம்பம். அலையிலிருந்து வந்த ஒளியானாலும் பறவையின் அலகிலிருந்து வந்த ஒளியானாலும், பொருளிக்குள் நுழைந்த அத்தனையும் அந்தச் சிறுவட்டத்தினூடாகவே வெளியேற வேண்டும். இனி உருப்பெருக்க வளையத்தை மெல்லத் திருப்புங்கள். மிளகைவிடச் சற்றே சிறிதாக இருந்த வட்டம் சுருங்கிச் சுருங்கிக் கடுகளவாகிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

பொருளியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் வட்டத்தின் அளவு கிடைக்கும்: 20 மடங்கில் 3 மில்லிமீற்றர், 60 மடங்கில் 1 மில்லிமீற்றர். பகலில் நமது கண்மணி 2 முதல் 3 மில்லிமீற்றர் வரை திறந்திருக்கும். விடியற்புறத்தில் அது 5 மில்லிமீற்றராக விரிந்திருக்கையில் 1 மில்லிமீற்றர் ஒளிக்கற்றையே உள்ளே வந்தால், வெறுங்கண்ணால் காணும் துலக்கத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அவ்வளவு மெல்லிய கற்றையில் நம் கண்ணுக்குள் மிதக்கும் துணுக்குகளின் நிழல்கூடக் காட்சியில் ஊர்வதைக் காணலாம்.

தொலைதூர வேட்டைக்கான துப்பாக்கித் தொலைநோக்கிக்கும் கணக்கு இதுவே. 56 மில்லிமீற்றர் பொருளி 25 மடங்கில் 2.2 மில்லிமீற்றர் வட்டத்தையே தரும். ஐரோப்பிய வேட்டைக்காரர் அந்திவேளைக்கு 8 மடங்கையும் 56 மில்லிமீற்றரையும் சேர்த்துத் தெரிவுசெய்வதற்குக் காரணம், அது தரும் 7 மில்லிமீற்றர் வட்டம் இருளில் விரிந்த கண்மணியை நிரப்புவதுதான்.

கலங்கலுக்குக் காரணம் இரண்டு. 60 மில்லிமீற்றர் பொருளியால் ஏறத்தாழ 2 விகலைக்கு (விகலை என்பது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு) உட்பட்ட நுணுக்கத்தைப் பிரித்துக் காட்ட முடியாது. நல்ல கண் பிரித்தறிவது 60 விகலை என்பதால், 30 மடங்கிலேயே காணக்கூடியவற்றில் பெரும்பகுதி தெரிந்துவிடும். மற்றையது வெக்கை. வெயிலேறியபின் சேற்றுத்தரையின் மேல் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து கொதிக்க, காற்று ஒளியை வளைக்கும் அளவைக் குறிக்கும் முறிவுச்சுட்டி கணத்துக்குக் கணம் மாறி ஒளியை அலைக்கழிக்கிறது. உருப்பெருக்கம் பறவையோடு அந்த அலைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும்.

ஆண்டுதோறும் சனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதற்காகக் களத்தில் இறங்கும் நம் மாணவர்களுக்குப் பணம் ஒதுக்குவோர், பெட்டியில் அச்சிட்ட மடங்கைப் பார்க்காமல், 80 மில்லிமீற்றர் பொருளிக்கும் ஆடாத முக்காலிக்கும் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகர் தமது தொலைநோக்கியை மாற்ற வேண்டியதில்லை. வெயில் ஏறுமுன் போய், வளையத்தை 25 மடங்குக்கு அருகே நிறுத்திப் பார்த்தால், பூநாரையின் வளைந்த அலகின் கறுப்பு நுனி கூராகத் தெரியும்.